வாத்துக்கு எதிராக ஒரு விண்ணப்பம்

கட்டுக்காரர் எதற்கும் அஞ்சாதவர் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சை யார் கிளப்பிவிட்டது என்று கேட்டால், பாதியை அவரே கிளப்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு வீடாகப் போய்ப் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டு மாற்றிவிட்டு வருவது அவர் வேலை. அதனால் கட்டுக்காரர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டுதான். சம்பளம் போடுகிற ஆளைத் தவிர அது யாருக்கும் தேவைப்படவில்லை.

சீழ், ரத்தம், புழு எதைப் பார்த்தாலும் அவருக்கு முகம் சுளிக்காது. ஒருமுறை குடித்துவிட்டுக் கையில் அரிவாளோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம், "அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்குங்க, எனக்கு வெளிச்சம் மறைக்குது" என்று சொல்லிவிட்டுத் தையல் பிரித்தவர். நல்ல உயரம், நல்ல மீசை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைப் பையோடு அவர் வரிசைக்குள் நுழைந்தால், தூங்குகிறவர்கள்கூட எழுந்து பைக்குள் கையை விடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு வாத்தைக் கண்டால் குலை நடுங்கியது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வாத்தை நீங்கள் பார்த்ததில்லை.

குளத்தில் சாதுவாக நீந்திக்கொண்டிருக்கும் வாத்து அல்ல அது. காவலுக்கு வளர்க்கிற ஜாதி. ஆளின் இடுப்புக்கு வருகிற கழுத்து, வெள்ளை உடம்பு, யாரையும் மதிக்காத கண். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் அதை வளர்த்தார், கேப்டன் என்று கூப்பிட்டார். டிரில் மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி. குதிகாலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. மருத்துவமனைக்கு வா என்றால் மாட்டேன் என்றார். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுக்காரர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று.

முதல் நாள் கேட்டைத் திறந்தபோதே கேப்டன் வந்து பின்பக்கத்தில் கவ்வியது. கட்டுக்காரர் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாத்துதானே, தெருமுனையில் நின்றுவிடும் என்று நினைத்தார். அது நிற்கவில்லை. முனையில் புறப்படத் தயாராக இருந்த பேருந்தில் தாவி ஏறிக்கொண்டார். நடத்துனர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, "இது எது வரைக்கும் போகுமோ அது வரைக்கும்" என்றார். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கே யாரையும் தெரியாததால் ஒரு டீயைக் குடித்துவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பினார்.

கடித்த இடம் நாலைந்து நாளில் ஆறிவிட்டது. பயம்தான் ஆறவில்லை. வாசலில் கொடியில் வெள்ளை வேட்டி ஆடினால்கூட நெஞ்சு திக்கென்றது.

"அதைக் கட்டிப் போடுங்க சார்," என்று தெருவில் நின்று கெஞ்சிப் பார்த்தார்.

"கட்டிப் போட்டா கேப்டன் சாப்பிடாது. சாப்பிடலைன்னா செத்துடும்," என்று டிரில் மாஸ்டர் உள்ளேயிருந்து கத்தினார். ஒரு மைதானம் முழுக்க நிற்கிறவர்களை அதட்டிப் பழகிய குரல். "நீ ஏன்பா உள்ள வரணும்? நான் காலை வெளிய நீட்டுறேன். நீ அங்கேயே நின்னு கட்டு."

இப்படித்தான் ஜன்னல் வைத்தியம் ஆரம்பித்தது. தெருவைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் டிரில் மாஸ்டர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே காலை வெளியே விடுவார். கட்டுக்காரர் நடைபாதையில் ஒரு முக்காலியைப் போட்டு, அந்தக் காலை அதன்மேல் வைத்துக் கழுவிக் கட்டுவார். திரைச்சீலையை டிரில் மாஸ்டர் மூடியே வைத்திருப்பார். ஆகவே தெருவில் போகிறவர்களுக்குச் சுவரிலிருந்து ஒரு கால் முளைத்திருப்பதாகத்தான் தெரியும். இரண்டாவது வாரம் ஒரு பெரியவர் வந்து, "இங்க டோக்கன் எங்க தர்றாங்க?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் கையில் சுட்டுக்கொண்ட ஒரு பெண்மணி டிரில் மாஸ்டரின் காலுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். கட்டுக்காரர் அவருக்கும் மருந்து போட்டு அனுப்பினார். வேறென்ன செய்வது?

கூத்தெல்லாம் சரி, புண் ஆறவில்லை. கம்பிக்கு நடுவே காலைத் திருப்ப முடியாது, அடிப்பக்கத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. ஒருநாள் கட்டைப் பிரித்தபோதே வாடை வேறு மாதிரி வந்தது. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. கட்டுக்காரர் அவசரமாகக் கட்டிவிட்டுக் கிளம்பினார். நேரே மருத்துவமனைக்குப் போய்த் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டரிடம் சொன்னார். அந்த அம்மா இருக்கிறவரைக்கும் அங்கே டாக்டர்கள்கூட மெதுவாகத்தான் நடப்பார்கள்.

"செத்த சதையை வெட்டி எடுத்து, நல்லா கழுவி, உள்ள வரைக்கும் மருந்து வைக்கணும். இந்த வாரத்துக்குள்ள செய்யலைன்னா கால் போயிடும்," என்றார் பெரிய சிஸ்டர். "ஆமா, இவ்வளவு நாளா என்ன செஞ்சீங்க?"

"ஜன்னல் வழியா கட்டினேன் சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு வாசல்னு ஒண்ணு இல்லையா?"

இருக்கிறது என்று சொன்னவர், ஏன் அதன் வழியாகப் போகவில்லை என்று சொல்லவில்லை. இத்தனை வயதில், இத்தனை மீசையை வைத்துக்கொண்டு, வாத்து என்று எப்படிச் சொல்வது? வேறு ஆளை அனுப்புங்களேன் என்று முனகினார். வேறு ஆள் இருந்தால் உங்களை எதற்கு வைத்திருக்கிறேன் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து வேதத்தை எடுத்துப் புரட்டினார். குகைக்குள் போடப்பட்ட பக்தனுக்காகச் சிங்கத்தின் வாய் கட்டப்பட்டிருக்கிறது. பாம்பு, தேள், கரடி எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு ஆறுதல் இருக்கிறது. வாத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. கடவுளே இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நினைத்ததற்காக உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஜெபக்கூட்டம். விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் சொன்னதும் கட்டுக்காரர் எழுந்தார். விண்ணப்பம் சொல்ல அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் திரும்பினார்கள். அந்தச் சர்ச்சில் விண்ணப்பம் சொல்வதற்கு ஒரு பாணி உண்டு. கஷ்டத்தைச் சொல்வார்கள், யார் எவர் என்று சொல்ல மாட்டார்கள். கட்டுக்காரருக்கு அது வசதியாகப் போயிற்று.

"ஒரு வீட்டுக்குள்ள நான் போயே ஆகணும். ஆனா போக முடியாம ஒரு எதிர்ப்பு இருக்கு. எனக்காக ஜெபிச்சுக்குங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சபை முழுக்க ஒரே நேரத்தில் இரண்டாவது வரிசையைப் பார்த்தது. அங்கே பஞ்சர் கடை மச்சான் உட்கார்ந்திருந்தார், கட்டுக்காரர் மனைவியின் அண்ணன். அவர் ஒருமுறை கட்டுக்காரரின் ஏணியை இரவல் வாங்கி, ஒரு படி குறைவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இது முதலிலேயே இப்படித்தான் இருந்தது என்று சாதித்தவர். அன்றையிலிருந்து கட்டுக்காரர் அவர் வீட்டு வாசப்படி மிதிப்பதில்லை. இது சர்ச்சில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

தையல்கார அக்கா ஜெபத்தை ஆரம்பித்தார். அக்கா ஜெபித்தால் மின்விசிறிச் சத்தம் கேட்காது. "ஆண்டவரே, அந்தக் கல்லு மனசை உடையும். எதுத்து நிக்கிற அந்த ஆளைத் தட்டி உட்கார வையும்." கண்ணை மூடிக்கொண்டுதான் ஜெபித்தார், முகம் மட்டும் மச்சான் இருந்த பக்கமாகத் திரும்பியிருந்தது. மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது. கட்டுக்காரர் ஆமென் ஆமென் என்று உருகிக்கொண்டிருந்தார். வாத்துக்காக இவ்வளவு பேர் அழுகிறார்களே என்று அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று.

மறுநாளே அத்தனையும் வெடித்தது. பாஸ்டரும் தையல்கார அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கட்டுக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "கிளம்புங்க, ஜெபத்துக்குப் பதில் வந்தாச்சு," என்றார் அக்கா. எங்கே என்று கேட்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கையைப் பிடித்து மச்சான் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

மச்சான் வாசலிலேயே காத்திருந்தார். ராத்திரி தூங்கியிருக்கவில்லை என்று முகமே சொல்லிற்று. "மாப்ள, உள்ள வாங்க. அந்த ஏணிப் படிய ஒடைச்சது நான்தான். அதோட உங்க குடையும் என்கிட்டதான் இருக்கு. போன வருஷம் எடுத்தேன்," என்று கட்டிப்பிடித்து அழுதார். குடை காணாமல் போனதே கட்டுக்காரருக்கு அப்போதுதான் தெரியும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டர் நன்றி ஜெபத்துக்குத் தலைகுனிந்தார்.

மனைவி மட்டும் குனியவில்லை. "இருங்க," என்றாள். "ஒரு ஏணிக்காக என் அண்ணனைச் சபை நடுவுல எதிரின்னு சொன்னீங்களா? நல்லா இருக்கா உங்களுக்கு?"

கட்டுக்காரர் மச்சானைப் பார்த்தார். கல்லுப் போன்ற மனிதர் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். தன் வெட்கத்தை மூடி மறைக்க இன்னொருவனை அழவைத்தாயிற்று. அங்கே இன்னொருவர் கால் அழுகிக்கொண்டிருக்கிறது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று அவருக்குப் பட்டது.

"மச்சான் இல்ல," என்றார். "வாத்து."

பாஸ்டர் குனிந்த தலையை நிமிர்த்தினார்.

"எந்த வாத்து?" என்று தையல்கார அக்கா நிதானமாகக் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னார். பேருந்து, ஜன்னல், டோக்கன், கறுத்த புண் எதையும் விடவில்லை. முதலில் சிரித்தது பாஸ்டர்தான். சிரிக்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. பிறகு மச்சான் சிரித்தார். அழுத கண்ணோடு சிரித்ததில் புரையேறி, அவர் முதுகில் கட்டுக்காரரே தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. மனைவிகூடச் சிரித்துவிட்டாள். எந்தச் சிரிப்புக்குப் பயந்து இத்தனை நாள் ஜன்னலில் நின்றாரோ, அந்தச் சிரிப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், அது அவரை ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே சிரித்தார்.

"அப்போ நாங்க அழுது ஜெபிச்சதெல்லாம்?" என்றார் அக்கா, விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"வீணாப் போகாதும்மா," என்றார் பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாமதான் விலாசத்தை மாத்திப் போட்டோம். ஆண்டவருக்குச் சரியான விலாசம் தெரியும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கு உள்ள போயிடுவீங்களா?" என்று கேட்டார்.

"தெரியல பாஸ்டர். போகணும்."

மறுபடி ஜெபித்தார்கள். இந்த முறை விவரமாக, வாத்து என்றே சொல்லி. அக்கா அதன் மூக்கு, இறக்கை, கால் என்று ஒன்றுவிடாமல் ஜெபத்தாலேயே கட்டிப்போட்டார்.

மறுநாள் காலை கட்டுக்காரர் கேட்டுக்கு முன்னால் நின்றார். மச்சானும் ஒரு சாக்குப்பையோடு கூடவே வந்திருந்தார். "நீங்க போங்க மாப்ள, அதை நான் பார்த்துக்கறேன். ஒரு வாத்துக்குப் போய்," என்று கேட்டைத் திறந்தவர், அடுத்த நிமிஷம் மதில்மேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை. சாக்குப்பை மட்டும் கேப்டனின் காலடியில் கிடந்தது.

கட்டுக்காரர் கண்ணை மூடினார். ஆண்டவரே, இதன் வாயைக் கட்டும் என்று வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டிருக்கும்போதே அது தொடையில் கவ்வியது.

வலியில் உயிர் போனது. பழைய கட்டுக்காரராக இருந்தால் இந்நேரம் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கியிருப்பார். கால் தானாகத் தெருப்பக்கம் திரும்பவும் செய்தது. ஆனால் அந்த வலிக்கு நடுவே அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கடிக்குமோ கடிக்குமோ என்று பயந்தது நடந்தாயிற்று. அவர் கேட்டதை ஆண்டவர் செய்யவில்லை. செய்யாமலும் அங்கேயே இருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது, திரும்பிப் பார்க்காமலே நமக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. மருந்துப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கால்சட்டையில் தொங்கிய வாத்தோடு வீட்டுக்குள் நடந்தார்.

முன்னறையில் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளறைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"யாரு?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து டிரில் மாஸ்டர் கேட்டார். மைதானத்துக் குரலைக் காணவில்லை.

"நான்தான் சார். கட்டு மாத்தணும்."

"எப்படி உள்ள வந்த? கேப்டன் எங்க?"

"என்கூடத்தான் சார் இருக்கு. கடிச்சுக்கிட்டிருக்கு."

டிரில் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "கட்டிப் போட்டா செத்துடும்னு சொன்னேனே, அது பொய். யாரும் உள்ள வரக்கூடாதுன்னுதான் அவிழ்த்துவிட்டேன். உள்ள வந்தா நீ காலைத் திருப்பிப் பார்ப்ப. பார்த்தா கத்தியை எடுப்ப. எனக்குத் தெரியும்பா, வாடை எனக்கும் வருது. இந்தக் காலை வெச்சுத்தான் நான் சோறு தின்னேன்."

கட்டுக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் தெருவில் நிற்கவைத்துவிட்டாரே. கோபம் வரவில்லை. கதவோரம் தரையில் உட்கார்ந்தார். கேப்டனும் பிடியை விடாமல் கூடவே தாழ்ந்தது.

"இன்னைக்குத் திறந்தா காலைக் காப்பாத்தலாம் சார். ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தா காப்பாத்த முடியாது. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"நீ பயப்படாத ஆளு. உனக்கென்ன."

"நானா? உங்க வாத்துக்குப் பயந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் பஸ்ல போனவன் சார் நான்."

உள்ளே ஒரு செருமல் கேட்டது. சிரிப்பாகக்கூட இருக்கலாம். "இப்போ பயம் போயிடுச்சா?"

"முழுசாப் போகல."

"பின்ன எப்படி வந்த? நீ சர்ச்சுக்குப் போறவன்னு சொல்லுவாங்க. உங்க சாமிகிட்டச் சொல்லிட்டு வந்தியா?"

"சொன்னேன் சார்."

"என்ன சொன்னாரு?"

கட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். பாஸ்டராக இருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பார். "ஒண்ணும் சொல்லல சார்," என்றார். "கூட வந்தாரு."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. டிரில் மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரைச்சீலைக்கு அப்பாலிருந்து கேட்ட குரலுக்கும் இந்த ஒடுங்கிய உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. தரையில் உட்கார்ந்திருந்த கட்டுக்காரரையும் அவர் தொடையையும் பார்த்தார்.

"கேப்டன், விடு," என்றார். அது உடனே விட்டுவிட்டு மூலையில் போய் நின்றது. ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தூக்கிச் சுத்தமான துணிமேல் வைத்துக் கட்டைப் பிரித்தபோது டிரில் மாஸ்டர் கேட்டார். "வலிக்குமா?"

"வலிக்கும் சார்."

"அவரு எனக்கும் வருவாரா? நான் கோயில், சர்ச்னு எங்கயும் போறவன் இல்லையே."

"ஏற்கெனவே வந்தாச்சு சார். நான் வரும்போதே வந்துட்டாரு."

டிரில் மாஸ்டர் தலையை ஆட்டினார். வெட்டும்போது ஒருமுறைகூடக் கத்தவில்லை. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று கட்டுக்காரர் கேட்கவில்லை. கழுவி மருந்து வைத்து முடித்ததும் அவர் கட்டுக்காரரின் இடதுகையைப் பிடித்துக்கொண்டார். கால் தப்பும் என்று சொன்ன பிறகும் விடவில்லை. ஒற்றைக் கையால் எப்படிக் கட்டுவது? கட்டுக்காரர் வலதுகையால் துணியைச் சுற்றச் சுற்ற, அதன் மறுமுனையை டிரில் மாஸ்டரே பிடித்துக்கொண்டார்.